இரத்த அழுத்தமும் இலவச வைத்தியமும்

நோய்களை இருவகையாகப் பிரித்துக் காணலாம். வந்தவுடன் கூக்குரலிட்டுத் தன் வரவை அறிவிப்பது ஒருவகை. ஓசையின்றி உள்ளே குடிபுகுந்து, ஆண்டுக்கணக்கில் அடங்கிக் கிடந்து, ஒருநாள் ஆளையே சாய்த்துவிடுவது மற்றொரு வகை. மலேரியாவும் வாந்திபேதியும் முதல்வகையைச் சேர்ந்தன. உயர் இரத்த அழுத்தம் இரண்டாம் வகையினது. அதற்கு வலியில்லை, காய்ச்சலில்லை, பெரும்பாலும் தலைச்சுற்றுத்தானும் இல்லை. பாரிசவாதத்தில் ஒரு கையும் காலும் விழுந்த பின்னரோ, இருதயம் அடைத்த பின்னரோ, சிறுநீரகம் பழுதுபட்ட பின்னரோதான், "அவருக்குப் பிரஷர் இருந்ததாம்" என்று ஊரார் பேசிக்கொள்வர்.

இந்நோயை அளக்கும் கருவி நூறாண்டுக்கு மேற்பட்ட பழமையுடையது. அதனை அடக்கும் மருந்துகள் அரைநூற்றாண்டுக்கு முன்னரே பயன் நிறுவப்பட்டவை. இன்று அவற்றுட் பல மிக மலிவானவை. இலங்கையின் அரசாங்க வைத்தியசாலைகளில் அவை இலவசமாக வழங்கப்படவேண்டியவை. அவ்வாறிருந்தும், உலகில் 30 வயதுக்கும் 79 வயதுக்கும் இடைப்பட்டோரில் 128 கோடிப் பேர் இந்நோயுடன் வாழ்கின்றனர் என்றும், அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் தமக்கு நோயுண்டு என்பதையே அறியாதவர் என்றும், ஐவரில் ஒருவருக்கே அது கட்டுப்பாட்டில் உள்ளது என்றும் 2021 ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இலங்கையிலும் வளர்ந்தோரில் ஏறக்குறைய மூவரில் ஒருவர் இந்நோய்க்கு ஆளானவர். கருவியும் உண்டு, மருந்தும் உண்டு. நோய் ஏன் அடங்கவில்லை?

"மக்களின் அறியாமை" என்பது வழக்கமாகத் தரப்படும் விடை. படித்தவர்களுக்கு மிக வசதியான விடையும் அதுவே. பொறுப்பு முழுவதையும் நோயாளியின் தலையிற் சுமத்திவிட்டு ஏனையோரை அது விடுவித்துவிடுகிறது. இவ்விடை பொருந்துமா என்பதை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே நமது நோக்கம்.

அறியாமை யாருடையது?

1733 ஆம் ஆண்டில் ஆங்கிலப் பாதிரியாரான ஸ்ரீபன் ஹேல்ஸ், ஒரு பெண்குதிரையின் நாடியிற் கண்ணாடிக் குழாயைப் பொருத்தி, இரத்தம் எட்டடிக்கு மேல் எழுந்ததைக் கண்டு எழுதினார். இரத்தத்திற்கு அழுத்தம் உண்டு என்பது அன்று கண்கூடாயிற்று. ஆயினும் மனிதனை வெட்டாமல் அதனை அளப்பதற்கு, 1896 இல் இத்தாலிய வைத்தியர் ரிவா-ரொச்சி கைப்பட்டியை அமைக்கும்வரை உலகம் காத்திருந்தது. 1905 இல் ருஷ்ய வைத்தியர் கொரொற்கொவ், பட்டிக்குக் கீழே செவிக்குழலை வைத்து நாடியின் ஓசையைக் கேட்கும் முறையைச் சொன்னார். இன்றும் கிராமத்துச் சிகிச்சை நிலையங்கள் பலவற்றிற் கையாளப்படுவது இவ்விருவரும் தந்த முறையே.

அளக்கத் தெரிந்தவுடன் அடக்கத் தெரிந்துவிடவில்லை. தடித்த நாடிகளினூடாக இரத்தத்தைச் செலுத்த உயர்ந்த அழுத்தம் உடலுக்கு அவசியம் என்றே வைத்தியர் பலர் நெடுங்காலம் நம்பினர். ஐக்கிய அமெரிக்காவின் ஜனாதிபதி ரூஸ்வெல்ற் 1945 பெப்ரவரியில் யால்ற்றாவில் ஸ்டாலினோடும் சேர்ச்சிலோடும் உலகின் எதிர்காலத்தைப் பேச அமர்ந்தபோது, அவரது இரத்த அழுத்தம் அபாய எல்லையைக் கடந்திருந்தது. இரண்டு மாதங்களில், ஏப்ரல் 12 ஆம் திகதி, மூளையில் இரத்தம் பெருகி அவர் இறந்தார். உலகின் மிகச் செல்வாக்குள்ள நோயாளிக்கு, மிகச் சிறந்த வைத்தியர்கள் அருகிலிருந்தும், கொடுப்பதற்குத் தக்க மருந்து இருக்கவில்லை. அறியாமை அன்று வைத்தியத்தினுடையது, நோயாளியினுடையதன்று.

மருந்து தேடும் முயற்சியில் நமது பிரதேசத்துக்கும் பங்குண்டு. சர்ப்பகந்தி என்னும் மூலிகை இரத்த அழுத்தத்தைத் தணிக்கும் என்று 1931 இல் கல்கத்தாவைச் சேர்ந்த சென், போஸ் என்னும் இருவர் எழுதினர். பம்பாய் வைத்தியர் றுஸ்தம் ஜால் வக்கீல் தம் நோயாளிகளிடம் அதனைக் கையாண்டு கண்ட பயனை 1949 இல் பிரித்தானிய இருதய சஞ்சிகையில் வெளியிட்டபின்னரே மேற்குலகம் திரும்பிப் பார்த்தது. பின்னர், எட்வேட் பிறீஸ் தலைமையில் அமெரிக்க முன்னாட் படைவீரர் வைத்தியசாலைகளில் நடைபெற்ற ஆய்வுகள் 1967 இலும் 1970 இலும் வெளிவந்தன. மருந்தினால் அழுத்தத்தைக் குறைத்தால் பாரிசவாதமும் மரணமும் குறையும் என்பது ஐயத்துக்கிடமின்றி அப்போது நிறுவப்பட்டது.

இக்கண்டுபிடிப்பு வைத்தியத்திற்கு ஒரு புதிய கடமையை விதித்தது. அதுவரை, வலியோடு வந்தவனின் வலியைத் தீர்ப்பதே வைத்தியரின் தொழில். இனியோ, சுகமாக இருப்பதாக உணரும் ஒருவனிடம், "நீ நோயாளி, வாழ்நாள் முழுவதும் நாடோறும் குளிசை விழுங்கு" என்று கூறி அவனை இணங்கவைக்க வேண்டும். குளிசை விழுங்கியதனால் அவனுக்கு எந்தச் சுகமும் உடனே தோன்றாது. விட்டுவிட்டாலும் எந்தத் துன்பமும் உடனே தோன்றாது. ஆகவே அவனை மருந்தோடு பிணைத்துவைப்பது வலியன்று, நம்பிக்கையே. நம்பிக்கை எந்த மருந்துச் சாலையிலும் உற்பத்தியாவதில்லை. அது பேச்சினாலும் பழக்கத்தினாலும் உண்டாவது. உயர் இரத்த அழுத்தத்திற்கு ஆலோசனை கூறுதல் சிகிச்சையின் அலங்காரமன்று, சிகிச்சையின் பாதி என்று நாம் கூறுவது இதனாலேயே.

வீடு தேடிச் சென்ற வைத்தியம்

நமது நாட்டில் வைத்திய சேவை மக்களுக்காகத் தோன்றியதன்று. குடியேற்ற ஆட்சியின் முதற்கவலை தன் படையும் உத்தியோகத்தரும் தோட்ட முதலாளிகளுக்கு வேண்டிய உழைப்பாளரின் உடலும் பற்றியதாகவே இருந்தது. 1858 இல் குடியியல் வைத்தியத் திணைக்களம் அமைந்த பின்னரும், வைத்தியசாலை என்பது நோய் முற்றியவன் தூக்கிச் செல்லப்படும் இடமாகவே பெரும்பாலும் விளங்கிற்று.

இந்நிலையில் ஒரு திருப்பம் 1926 இல் நிகழ்ந்தது. களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. ஓர் எல்லைக்குட்பட்ட மக்கள் அனைவரும் ஒரு சுகாதார வைத்திய அதிகாரியின் பொறுப்பாயினர். பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் மருத்துவிச்சியும் வீடுவீடாகச் சென்றனர். நோயாளி வைத்தியத்தைத் தேடுவதற்குப் பதிலாக வைத்தியம் மக்களைத் தேடத் தொடங்கியது. முறைமை பின்னர் நாடெங்கும் பரவிற்று.

1934, 1935 ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ எண்பதாயிரம் உயிர்களைக் கொண்டுசென்றது. சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் மருந்தும் உணவும் சுமந்து கிராமங்களுக்குட் சென்றனர். அவர்களுள் ஒருவரான டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க பின்னாளில் இந்நாட்டுக் கம்யூனிஸ்ட் இயக்கத்தின் தலைவரானார். பசித்த உடலிற் காய்ச்சல் கொலைகாரனாகிறது என்பதை அவர்கள் நேரிற் கண்டனர். இடதுசாரி இயக்கம் 1935 டிசம்பரில் கட்சியாக உருப்பெற்றமைக்கு அந்த அனுபவமும் உரமாயிற்று. 1951 இல் அரசாங்க வைத்தியசாலைகளில் கட்டணம் நீங்கிச் சிகிச்சை இலவசமாயிற்று. எவருடைய கருணையாலும் அது வந்ததன்று. வாக்குரிமை பெற்ற மக்களின் அழுத்தம் அதன் பின்னால் இருந்தது.

பயன் என்ன? 1930களில் இலங்கையில் ஓர் இலட்சம் பிறப்புக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். இன்று அத்தொகை நாற்பதுக்கும் குறைவு. மலேரியாக் கட்டுப்பாடு, பென்சிலின், இரத்தமேற்றல், பெண்கல்வி ஆகிய யாவும் இதற்குக் காரணமாயின. ஆயினும் கர்ப்பிணியின் பெயரைப் பதிந்து, அவள் வராதபோது வீட்டுக்குச் சென்று, "ஏன் பிள்ளை கிளினிக்குக்கு வரவில்லை?" என்று கேட்ட மருத்துவிச்சி இல்லாதிருந்தால், ஏனையவை அவளைச் சென்றடைந்திரா. அத்தாய்மாரையும் அன்று "அறியாதவர்கள்" என்றே கூறினர். கதவு தட்டப்பட்டபோது அவர்கள் திறந்தனர். மக்கள் மாறுவதற்கு முன் சேவை மாறியது என்பதே வரலாறு காட்டும் உண்மை.

ஆனால், தாய்க்கும் சேய்க்கும் கிடைத்த இக்கவனம், ஐம்பது வயதுத் தொழிலாளிக்குக் கிடைக்கவில்லை. அவனது பெயர் எந்த வீட்டுப் பதிவேட்டிலும் ஏறவில்லை. கிளினிக்குக்கு அவன் வராவிட்டால் அவனைத் தேடிச் செல்பவர் எவருமில்லை.

பெயரில் மறைந்த இலாபம்

ஆலோசனையின் சிறப்பைப் பேசுமிடத்து மருந்தின் பொருளியலை மறந்துவிடலாகாது. கையில் குளிசை இல்லாதவனுக்குக் கூறும் ஆலோசனை வெறும் உபதேசமாகும்.

இத்துறையில் இலங்கை உலகுக்கு வழிகாட்டிய காலமொன்று உண்டு. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் மருந்தியற் பேராசிரியரும் சமசமாஜ இயக்கத்தைச் சார்ந்தவருமான சேனக பிபிலே, ஒரே மருந்து பல வியாபாரப் பெயர்களில் பல விலைகளுக்கு விற்கப்படுவதை ஆராய்ந்தார். 1971 இல் அவரும், நாம் முன்னர்க் குறிப்பிட்ட விக்கிரமசிங்கவும் இணைந்து அளித்த அறிக்கையின் வழியே அரசாங்க மருந்துக் கூட்டுத்தாபனம் பிறந்தது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட மருந்துகள் ஏறத்தாழ அறுநூறாகக் குறைக்கப்பட்டன. மருந்தின் உண்மைப் பெயரால் உலகச் சந்தையிற் கேள்விப்பத்திரம் கோரிக் கொள்வனவு செய்யும் முறை வந்தது. பன்னாட்டுக் கம்பனிகள் கடுமையாக எதிர்த்தன. 1977 இல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலை முதன்முறையாக வெளியிட்டது. அதே ஆண்டில் பிபிலே கயானாவிற் காலமானார். அதே ஆண்டில் இங்கு ஆட்சி மாறி, திறந்த சந்தைக்குக் கதவு அகன்றது. அவர் வகுத்த வழியில் ஓரளவேனும் மீண்டு செல்ல, 2015 ஆம் ஆண்டின் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஒரு வாரக் காய்ச்சலுக்கு விலையேறிய மருந்தை வாங்குபவன் ஒருமுறை இழக்கிறான். இரத்த அழுத்தத்திற்கு அவ்வாறு வாங்குபவன் ஆயுள்வரை குத்தகை செலுத்துகிறான். அதனால், பிபிலேயின் போராட்டம் வேறெந்த நோயாளியையும்விட இந்நோயாளிக்கே மிகுதியும் உரியது. 2022 இல் அந்நியச் செலாவணி வறண்டு நாடெங்கும் மருந்துத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, தேவையான மருந்துகளிற் பெரும்பகுதியை இறக்குமதி செய்யும் நாட்டின் இலவச வைத்தியம் எவ்வளவு மெல்லிய நூலிற் தொங்குகிறது என்பது புலனாயிற்று.

விளங்கும் மொழி

ஆலோசனைக்கு அடிப்படை மொழி. 1847 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மேலைத்தேச வைத்தியத்தைக் கற்பித்தார். இரணவைத்தியம், மனுஷ அங்காதிபாதம் முதலிய நூல்களைத் தமிழில் வெளியிட்டார். மதம் பரப்பும் நோக்கமும் அவருக்கு இருந்தது என்பது மெய்யே. எனினும், சொந்த மொழியிற் சிந்திக்கும் வைத்தியனே கிராமத்திற் பயன்படுவான் என்று அவர் கண்ட உண்மை இன்றும் மாறவில்லை. அவர் தொடக்கிய முயற்சி, ஆங்கிலக் கல்வியின் மோகத்தில் அவருக்குப் பின் நின்றுபோயிற்று.

1956 இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழியாயிற்று. 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. ஆனால் சட்டத்தின் மொழி வேறு, மருந்துத் துண்டின் மொழி வேறு. மூன்று இனத்தவரும் வாழும் திருகோணமலை போன்ற மாவட்டத்தில், வைத்தியரின் மொழி ஒன்றாகவும் நோயாளியின் மொழி மற்றொன்றாகவும் அமைவது அரிதன்று. தமிழ் அறியாத வைத்தியர் முன் தமிழரும், சிங்களம் மட்டும் அறிந்த முதியவர் முன் தமிழ் வைத்தியரும் சைகையாற் பேச நேர்வதுண்டு. இது எவருடைய தனிப்பட்ட குற்றமும் அன்று. இரு மொழியிலும் பயிற்சி அளிக்கத் தவறிய அமைப்பின் குறை. "காலை ஒன்று, இரவு ஒன்று" என்பதைச் சைகையாற் காட்டிவிடலாம். "நீங்கள் சுகமாக உணர்ந்தாலும் இதை நிறுத்தக்கூடாது, ஏனென்றால்..." என்பதைச் சைகையாற் காட்ட முடியுமா?

பாலையூற்றிலிருந்து நோக்குகையில்

நாம் வாழும் பாலையூற்று, பாலை மரத்தையும் ஊற்று நீரையும் பெயரிற் கொண்ட ஊர். திருகோணமலைத் துறைமுகத்தைச் சார்ந்து வளர்ந்த ஊர். உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றைக் கடற்படைத்தளமாக வைத்திருந்த பிரித்தானியர் 1957 இல் அதனைக் கையளித்துச் சென்றனர். அதன்பின் துறைமுகத்தை அண்டி மாவாலையும் சீமெந்தாலையும் எழுந்தன. 1983 முதல் 2009 வரை நீடித்த யுத்தமும், 2004 இன் கடற்கோளும் இம்மாவட்டத்து மக்களை மீண்டும் மீண்டும் இடம்பெயர்த்தன. ஓடும் கையிற் கிளினிக் கொப்பி நிலைக்காது. ஓடும் குடும்பத்திற்குத் தொடர்ந்த சிகிச்சை வாய்க்காது.

இத்தகைய ஊர்களிலிருந்து ஒரு கூலித்தொழிலாளி மாதாந்தக் கிளினிக்குக்குச் செல்லும் நாளைக் கணக்கிடுவோம். விடியுமுன் சென்று இலக்கம் எடுக்கவேண்டும். அன்றைய கூலி போயிற்று. மணிக்கணக்கிற் காத்திருந்தபின் வைத்தியரின் முன் சில நிமிடங்கள். நூற்றுக்கணக்கானோரைப் பார்க்கவேண்டிய வைத்தியரையும் நாம் குறைகூற முடியாது. ஓடிவந்தவனின் கையிலே உடனே பட்டியைச் சுற்றினால் அழுத்தம் பொய்யாக உயரும். ஐந்து நிமிடம் அமர்ந்து ஓய்வெடுத்து, கையை இருதய மட்டத்தில் வைத்து, இருமுறை அளக்கவேண்டும் என்பது விதி. அமர நாற்காலியும் ஐந்து நிமிடமும் இல்லாத இடத்தில் விதி என்ன செய்யும்?

உப்பைப் பாருங்கள். ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கு மேற்படாமல் உண்ணவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஆனால் கறி குறைந்த வீட்டில் ஒரு கோப்பைச் சோற்றை உள்ளே தள்ளுவது கருவாடும் சம்பலும் ஊறுகாயுமே. உப்பே ஏழையின் மலிந்த கறி. "உப்பைக் குறை" என்று கட்டளையிடுபவர், வீட்டிற் சமைப்பவர் யார், என்ன சமைக்கிறார், சந்தையில் மரக்கறி என்ன விலை என்று கேட்டதுண்டா? கேட்ட பின்னரே, சோற்றுக்கு உப்பிடாது வடிக்கலாம், கருவாட்டை நீரில் ஊறவைத்துக் கழுவலாம், சம்பலுக்குத் தேசிக்காய்ப் புளியைக் கூட்டி உப்பைக் குறைக்கலாம் என்று கூறும் தகுதி பிறக்கிறது. ஆலோசனை என்பது கட்டளையன்று, அது உரையாடல்.

2011 முதல் நாடெங்கும் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்கள் திறக்கப்பட்டன. நோய் தோன்றுமுன் சோதித்தறியும் இம்முயற்சி வரவேற்கத்தக்கது. ஆனால் அங்கு ஆண்கள் வருவது குறைவு என்பது திரும்பத் திரும்பக் கண்ட உண்மை. வேலைநேரத்தில் திறந்து வேலைநேரத்தில் மூடும் நிலையத்துக்கு உழைப்பாளி எவ்வாறு வருவான்?

மாற்றம் இயலாததா? வங்காளதேசம், பாகிஸ்தான், இலங்கை ஆகிய மூன்று நாடுகளின் முப்பது கிராமச் சமுதாயங்களில், 2,645 பேரை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து நடத்திய ஆய்வொன்று 2020 இல் வெளியாயிற்று. அரசாங்கச் சுகாதார ஊழியர் வீடு சென்று அழுத்தத்தை அளந்து ஆலோசனை கூறினர். வைத்தியர்களுக்கும் பயிற்சி அளிக்கப்பட்டது. இச்சேவை பெற்ற கிராமங்களில் மேலழுத்தம் ஏனைய கிராமங்களைவிட ஐந்து அலகு மிகுதியாகக் குறைந்தது. நூற்றுக்கு 53 பேருக்கு நோய் கட்டுப்பட்டது. வழமையான சேவை பெற்ற கிராமங்களில் அது 44 பேரளவில் நின்றது. 2018 இல் இலங்கையில் 700 நோயாளரிடம் நடந்த மற்றோர் ஆய்வில், மூன்று மருந்துகளைச் சிற்றளவிற் சேர்த்த ஒரே குளிசை, ஆறு மாதத்தில் நூற்றுக்கு 70 பேரை இலக்குக்குக் கொண்டுவந்தது. வழக்கமான சிகிச்சையில் இத்தொகை 55. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் ஊழியர்களான பெண்கள், இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய குளிசைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுசெல்கின்றனர். 1926 இல் களுத்துறையிற் பிறந்த கொள்கையே, புதிய நோய்க்கு ஏற்பப் புத்துருவம் பெற்றிருப்பதை இவற்றில் நாம் காண்கிறோம்.

செய்யவேண்டியன யாவை? ஒவ்வோர் ஆரம்ப சிகிச்சை நிலையமும் தன் எல்லைக்குட்பட்ட வளர்ந்தோர் அனைவரையும் பதியவேண்டும். தவணைக்கு வராதவரைத் தேடிச் செல்ல ஊழியர் வேண்டும்; ஏற்கனவே சுமை மிகுந்த குடும்பநல மாதின் தோளில் மற்றொரு மூட்டையை ஏற்றாது, புதிய ஊழியரை நியமித்தே இது நடைபெறவேண்டும். நோய் கட்டுப்பட்டவருக்கு இரண்டு மாதக் குளிசையை ஒருமிக்க வழங்கினால் அவருடைய கூலியும் மிஞ்சும், வரிசையும் குறையும். குறைந்த வரிசை பேச்சுக்கு நேரம் தரும். மாலைநேரக் கிளினிக்கும், நோயாளியின் மொழியில் எழுதிய மருந்துத் துண்டும், அமர நாற்காலியும் ஆடம்பரங்கள் அல்ல.

இவற்றுள் எதுவும் தானாக வராது. இலவச வைத்தியம் கேட்டுப் பெற்றது. கேட்பதை நிறுத்தியபோதெல்லாம் அது தேய்ந்தது. ஆசிரியர்களும் மாணவர்களும் தம் ஊர் வைத்தியசாலைக் குழுக்களிற் பங்குகொள்ளலாம். எந்தக் குளிசை எத்தனை மாதம் கிடைக்கவில்லை என்பதைக் குறித்துவைத்துக் கேட்கலாம். பாட்டனின் கிளினிக் கொப்பியை வாசித்து விளக்கப் பேரனைப் பழக்கலாம். நோயாளியை அறிவிலி என்று ஏசுவது எளிது. அவன் கேட்கக்கூடிய நேரத்தில், அவனுக்கு விளங்கும் மொழியில், அவன் கைக்கு எட்டும் மருந்தோடு சென்று பேசுவது கடினம். கடினமான அவ்வேலையை இந்நாடு தாய்மாருக்காக ஒருமுறை செய்து காட்டியிருக்கிறது. அவர்களுடைய கணவருக்காகவும், முதுமையெய்திய அதே தாய்மாருக்காகவும் மீண்டும் செய்யவேண்டும் என்று கேட்பது நமது உரிமை. கேளாதிருப்பது நமது குற்றம்.